ஜெனரேட்டர் ரூமுக்குக் காத்திருந்த புத்தகங்கள்

பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கி ரங்கராஜ் பட்டறை எங்கே என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையில் கை காட்டுவார்கள். அந்தப் பெயரில் அங்கே அத்தனை பட்டறை. கரண்டு புஸ்தகம் வைத்திருக்கிற அம்மிணி வீடு என்று கேளுங்கள், பேக்கரிக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் தெரு வரைக்கும் வந்து வழி சொல்வார். சாண எரிவாயு பற்றிய புத்தகம் ஒன்று அவரிடமும் போயிருக்கிறது. போனது போனதுதான், இன்னும் திரும்பி வரவில்லை.

அந்த அம்மிணிதான் ரங்கநாயகி. ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயது. பிறந்தது பல்லடம் பக்கம். கல்யாணமான புதிதில் தாய் வீட்டுக்குப் போகும்போது பஸ் ஜன்னலில் வரிசையாகக் காற்றாலைகள் தெரியும். "இத்தாப்பெரிய ஃபேனு ஆருக்குங்க?" என்று புருஷனைக் கேட்டாள். "மாட்டுக்கு வேர்க்குமில்ல, அதுக்குத்தான்" என்றார் ரங்கராஜ், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். புதுப்பெண் அதை நம்பினாள். நம்பியதோடு நிற்காமல் தன் அம்மாவிடமும் சொல்லி வைத்தாள். உண்மை தெரிந்த அன்று வந்த ரோசத்தில்தான் அவள் படிக்க ஆரம்பித்தாள் என்பது என் கட்சி.

கோவையில் புத்தகத் திருவிழா நடந்த ஒரு வருஷம், ரங்கராஜ் மிளகாய் பஜ்ஜி வரிசையில் நின்ற நேரத்தில், அட்டையில் காற்றாலை போட்ட புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாள். அடுத்த வருஷம் வெயிலிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி ஒன்று. அதற்கடுத்து நிலக்கரியின் கதை, பேட்டரியின் கதை, எண்ணெய் தீர்ந்தால் உலகம் என்ன செய்யும் என்று தலையணை கனத்துக்கு ஒன்று. புரியாத பக்கத்தைத் திரும்பப் படிப்பாள். அப்படியும் புரியாவிட்டால், எழுதினவருக்கே புரிந்திருக்காது என்று முடிவுகட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். படித்ததை மஞ்சப்பையில் போட்டு ஊருக்கெல்லாம் இரவல் கொடுப்பாள்.

கொடுக்க மனசிருந்தது, வைக்கத்தான் இடமில்லை. கொஞ்சம் அரிசி டிரம்முக்குப் பின்னால், கொஞ்சம் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில், மீதி பரண்மேல். பேட்டரி புத்தகம் கேட்டு ஆள் வந்தால் ஏணி போட வேண்டும். காற்றாலை புத்தகத்தை ஒரு தடவை எலி படித்துவிட்டது.

அவள் கண் வைத்திருந்த இடம் ஒன்று உண்டு. வீட்டை ஒட்டி இருந்த பட்டறையின் முன்பக்கம், தெருவைப் பார்த்த ஒரு அறை. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். அங்கே ரங்கராஜின் டீசல் ஜெனரேட்டர் குடியிருந்தது.

பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிற பட்டறை அது. பாதி நாள் கரண்டே இல்லாத காலத்தில் பக்கத்துப் பட்டறைகள் படுத்துக் கிடந்தபோது, அந்த ஜெனரேட்டர்தான் லேத்தை ஓட்டியது. அதை யாராவது குறை சொன்னால் ரங்கராஜுக்குப் பொண்டாட்டியைச் சொன்னதைவிடக் கோபம் வரும். பொண்டாட்டிக்கோ கொடியில் காய்கிற துணியெல்லாம் டீசல் நாற்றம். அறைச் சுவர் கரி பிடித்துக் கிடந்தது.

கடைசியில் இந்த வருஷம் ஜெனரேட்டர் பெரிய செலவு ஒன்றை இழுத்து வைத்தது. விடுவாளா ரங்கநாயகி? புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே பேசிப் பேசி, கூரைமேல் சோலார் பேனலும் கீழே பேட்டரியும் வைக்க அவரைச் சம்மதிக்க வைத்தாள். ரங்கராஜ் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆயுத பூஜை நோம்பி வரைக்கும் பாப்பேன் அம்மிணி. உன்ற கண்ணாடி மக்கர் பண்ணாம ஓடுச்சுன்னா, விஜயதசமியன்னைக்கு ஜெனரேட்டரத் தாட்டி உட்டறலாம். ரூமு உனக்கு. மக்கர் பண்ணுச்சுன்னா பேச்சு மூச்சு இருக்கப்படாது."

கண்ணாடி என்றுதான் அவர் பேனலைச் சொல்வார். அது ஒரு சத்தமும் போடாமல் ஓடியது. சத்தம் போடாத மிஷினை எப்படி நம்புவது என்று அவருக்கு அதுவும் ஒரு குறை. விஜயதசமி காலையில் வந்து ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வதாகப் பழைய மிஷின் வியாபாரி ஆரிஃப் சொல்லியிருந்தார். ரங்கநாயகி மனசுக்குள் அலமாரி அடித்து, பெஞ்ச் போட்டு, சுவருக்கு வெள்ளையும் அடித்துவிட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. சாமிக்கு முன்னால் புத்தகம் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். மற்றவர்கள் ஒன்றோ இரண்டோ வைப்பார்கள். ரங்கநாயகிக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில், பரணிலிருந்தும் பீரோவிலிருந்தும் ஒன்று விடாமல் இறக்கி, பேனல்காரர்கள் கொடுத்த விளக்கக் கையேட்டையும் சேர்த்து அடுக்கி, மேலே பட்டுத்துணி போர்த்திவிட்டாள். வைத்த புத்தகத்தை மறுநாள் மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது. பட்டறையில் பொட்டு வைத்த மிஷினுக்கும் அதே சட்டம்தான்.

பட்டறையில் பொட்டு வைப்பது ரங்கராஜின் வேலை. வேறு யாரையும் விடமாட்டார். லேத், டிரில்லிங் மிஷின், ஸ்பேனர் பெட்டி வரைக்கும் அவர் கையால்தான். ஜெனரேட்டருக்கு இருப்பதிலேயே பெரிய சாமந்தி மாலை விழுந்தது. தேங்காய் உடைத்து, பூசணிக்காய் உடைத்து, தட்டில் சூடம் ஏந்தி ஒவ்வொரு மிஷினாகச் சுற்றி வந்தார். கூரைப் பக்கம் மட்டும் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை நாள் உழைத்த பேனலுக்கு ஒரு பொட்டுக்கு வழியில்லையா என்று ரங்கநாயகிக்கு ஆற்றாமையாக இருந்தது. பொரிகடலையைப் பிரித்துக் கொடுக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உச்சி வெயில் நேரத்தில் செல்போனில் பேனல் கணக்கைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. மின்சாரமோ வழக்கத்தில் பாதிகூட இல்லை.

"ஆயுதத்துக்கெல்லாம் இன்னைக்கு லீவுதானுங்க அக்கா. அதுவும் லீவு எடுத்துக்கிச்சாட்ட இருக்குது" என்றார் லேத் ஓட்டுகிற மூத்த டர்னர் பொங்கியண்ணன், வாய் நிறையப் பொரியோடு. பட்டறையே சிரித்தது. ரங்கராஜ் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

"நாந்தான் சொன்னனே! கண்ணாடிய நம்பி ஆராச்சும் பட்டறை நடத்துவாங்களா? ஆரிஃப்புக்குப் போனப் போட்டு வரவேண்டாம்னு சொல்லிப்போடட்டுமா?"

"சித்தெ பொறுங்க. நாளைக்குக் காத்தால வரைக்கும் டைம் இருக்குதல்லங்க" என்றாள். 

பேனல் கம்பெனிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்களும் பூஜையில் இருப்பார்கள். கூரைமேல் ஏறிப் பார்ப்போம் என்றால் பொங்கியண்ணன் ஏணியைக் காட்டினார். ஏணியிலும் பொட்டு இருந்தது. பொட்டு வைத்த ஏணியை அன்றைக்கு எடுக்க முடியுமா?

பாழாய்ப்போன வெயில் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. அதுதான் அவளைப் பாடாய்ப் படுத்தியது. இடது பக்கம், மேலே ஒரு படம், கீழே நாலைந்து வரி. படித்தது ஞாபகமிருக்கிறது, படித்தது என்ன என்பது மட்டும் ஞாபகமில்லை. ஊருக்கெல்லாம் இரவல் கொடுத்தவள் தன் வீட்டுப் புத்தகத்தையே தொட முடியாமல் பட்டுத்துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். துணி ஓரத்தை ஒரு தரம் தூக்கக்கூடச் செய்தாள். சரஸ்வதி படம் அவளையே பார்த்த மாதிரி இருந்தது. விட்டுவிட்டாள்.

விஜயதசமி காலை. மறுபூஜை முடிகிற நேரத்துக்கு ஆரிஃப் வண்டியோடு வந்து வாசலில் நின்றார். "ஏனுங்கண்ணா, ஏத்திறலாங்களா?"

"உக்காருங்க தம்பி. ஏத்தறதா வேண்டாமான்னே இன்னும் தெரியல" என்று ரங்கராஜ் ஒரு மாதிரி நிறைவோடு சொன்னார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மறுபூஜை முடிந்ததும், வைத்த புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கமாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும். ரங்கராஜ் வருஷா வருஷம் பஞ்சாங்கத்தில் நாலு வரி படித்துவிட்டு எழுந்துவிடுவார். இந்த வருஷம் அடுக்கில் பஞ்சாங்கமே இல்லை, எல்லாம் கரண்டு. ரங்கநாயகி வெயில் புத்தகத்தை எடுத்து, ஞாபகத்திலிருந்த அந்த இடது பக்கத்தைத் தேடிப் பிடித்து, அவர் கையில் வைத்தாள். கோபம்தான். தோற்றால் தோற்கலாம், அவர் வாயாலேயே காரணம் தெரியட்டும்.

ரங்கராஜ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணீரென்று தொடங்கினார். "பேனல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்றின்மேல் நிழல் விழுந்தால் மற்றவையும் குறைவாகவே வேலை செய்யும். காய்ந்த இலை, பறவை எச்சம், பூச்சு..."

பூச்சு என்ற இடத்தில் குரல் இறங்கியது. "பூச்சு போன்றவை பேனலின்மேல் படிந்தால்..." என்று முணுமுணுத்தார். நிறுத்தினார். அந்த வரியை இன்னொரு தரம் வாய்க்குள்ளேயே படித்தார். பிறகு புத்தகத்தை மெதுவாக மூடி மடியில் வைத்துக்கொண்டு, ஆரிஃப்பைப் பார்த்தார், பொங்கியண்ணனைப் பார்த்தார், பெண்டாட்டியை மட்டும் பார்க்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"ஒரு பக்கெட் தண்ணி எடு அம்மிணி."

"எதுக்குங்க?"

"எடுன்னா எடேன்."

மறுபூஜை முடிந்த ஏணியில் அவர் முன்னால் ஏற, அவள் பின்னால் ஏறினாள். கூரையை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒவ்வொரு பேனலிலும் ஒரு நாமம். சின்ன நாமம் இல்லை, பெருமாள் கோயில் மதில் சுவரில் போடுகிற மாதிரி மேலிருந்து கீழ்வரைக்கும். திருமண்ணைக் குழைத்து, வெள்ளையும் நடுவில் சிவப்புமாக, கோடு பிசகாமல் இழுத்திருந்தது. நாமத்துக்குக் கீழே கை நிறைய அப்பிய சந்தனம். ஒன்றைக்கூட விடவில்லை.

"இதாருங்க பண்ணுனது?"

"நாந்தான். நேத்து வெடியறப்பவே ஏறி வெச்சுப்போட்டேன்." ரங்கராஜ் பக்கெட்டுக்குள் பார்த்துக்கொண்டு பேசினார். "கீழ அத்தன பேரு முன்னால வெச்சா, அய்யா கவுந்துட்டாருன்னு சிரிப்பானுக. அதுக்குன்னு பொட்டில்லாம உட்டுட்டா? நம்மூட்டு மிஷினல்ல அது?"

ரங்கநாயகிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நேற்று முழுக்க இந்த மனுஷனை மனசுக்குள் திட்டியதை நினைத்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அதுக்குன்னு இத்தாப்பெரிசா வெப்பீங்களா?"

"சின்னதா வெச்சா பெருமாளுக்குத் தெரியோணுமல்ல?"

கீழேயிருந்து ஆரிஃப் கத்தினார். "என்னாச்சுங்கக்கா?"

"உங்கண்ணா சூரியனுக்கே நாமம் போட்டுட்டாருங்க தம்பி!"

சாமிக்கு வைத்ததைத் துடைக்க ரங்கராஜுக்குக் கை வரவில்லை. ரங்கநாயகிதான் கோவிந்தா கோவிந்தா என்று சொல்லிக்கொண்டு முதல் பேனலில் தண்ணீரை ஊற்றினாள். அப்புறம் இருவருமாகத் தேய்த்தார்கள். துடைத்து முடித்த பிறகு அவர் ஒவ்வொரு பேனலின் அலுமினியச் சட்டத்திலும் குன்றிமணி அளவுக்குக் குங்குமம் வைத்தார். செல்போனில் எண் விறுவிறுவென்று ஏறியது. அதைப் பார்த்துவிட்டு, "ஏத்துங்க தம்பி" என்று ஆரிஃப்புக்கு அவரே குரல் கொடுத்தார்.

ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றும்போது அதன் மாலையைக் கழற்றவேண்டாம் என்றார். வண்டி மேட்டுப்பாளையம் ரோட்டில் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது, கரிச்சுவரும் எண்ணெய்த் தரையுமாகக் கிடந்த அந்த அறையில், ரங்கநாயகி வெள்ளையடிக்கக்கூடப் பொறுக்காமல், பாய் விரித்துப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் போனவர் குங்குமக் கிண்ணமும் சந்தனமுமாக வந்து பாயில் உட்கார்ந்தார். வெயில் புத்தகத்தை எடுத்து இப்படியும் அப்படியும் புரட்டினார்.

"இதுக்கு எங்க வெக்கட்டும் அம்மிணி?"

"அட்டைல வெய்ங்க. உள்ள மட்டும் வெச்சுப்போடாதீங்க, எழுத்து மறஞ்சுரும்."