புளி போட்டு விளக்கிய காசு

அந்தக் காசைப் புளி போட்டு விளக்கிய நண்பர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அவர் நல்ல மனிதர். அதனால் கோபம் குறைவதில்லை, கூடத்தான் செய்கிறது.

எழுபதுகளின் பிற்பகுதி. கொழும்பில் பத்திரிகை நிருபராக இருந்த நான் மெல்பேர்ணில் ஒரு பண்டகசாலையில் குமாஸ்தாவாக இருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறவன் என்று கொழும்பில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. இங்கே அது யாருக்கும் தெரியாது. சனிக்கிழமைகளில் பொழுதுபோக ஒரு பழைய மெட்டல் டிடெக்டர் வாங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடற்கரைகளில் நடக்கத் தொடங்கினேன். கருவி கத்துகிற இடத்தைத் தோண்டினால் பெரும்பாலும் பியர் கானின் மூடி வளையம்தான் வரும். சிலவேளை இரண்டு சத நாணயக் குற்றி. எப்போதாவது, புழக்கத்தில் இல்லாமல் போன ஷில்லிங்.

ஒரு குளிர்காலப் புயல் கரையை அரித்துவிட்டுப் போயிருந்தது. வேர்கள் வெளியே தொங்கிக்கொண்டிருந்த மண்திட்டின் அடியில் கருவி கத்தியது. சிப்பிகள் இறுகிய படைக்குக் கீழே, தடித்த பச்சைக் களிம்புக்குள் ஒரு செப்புக்காசு இருந்தது. ஒரு முகம் மொட்டை. மற்றதில் களிம்புக்கு அடியில் ஒரு வளைவு தெரிந்தது. எழுத்தாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

மெல்பேர்ணின் புறநகரான கிளேட்டனில் இருந்த நண்பரிடம் கொண்டுபோனேன். தமிழ்நாட்டுக்காரர், பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆராய்ச்சி. அவருடைய ஆய்வுகூடத்தில் நல்ல பூதக்கண்ணாடி இருந்தது. "விட்டுட்டுப் போங்க சார், நாளைக்குப் பார்த்துச் சொல்றேன்" என்றார்.

மறுநாள் கதவைத் திறந்தபோதே அவர் முகம் மலர்ந்திருந்தது. உள்ளங்கையில் காசு பூசையறை விளக்குப்போல மினுங்கியது.

"என்ன சார், பேச்சே வரலையா? புளியும் உப்பும், அவ்வளவுதான். எங்கம்மா செம்பு விளக்குற மாதிரி விளக்கிட்டேன்."

"உங்களை ஆர் விளக்கச் சொன்னது?"

"அழுக்கோட எப்படி சார் நாலு பேருக்குக் காட்டுறது?"

"அது அழுக்கில்லை ஐயா. அது மண்ணுக்குள்ள கிடந்ததுக்குச் சாட்சி!"

அவர் காதில் அது விழவில்லை. காசைத் திருப்பிக் காட்டினார். தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். ஒரு வரியில் 'இது' என்பதும் இன்னொரு வரியில் 'காசு' என்பதும் தெளிவாகத் தெரிந்தன. ஆஸ்திரேலியக் கடற்கரையில் தமிழ். எனக்கும் நெஞ்சு ஒருகணம் அடித்துக்கொண்டது. அதை மறைக்கவில்லை.

"சோழன் சார்! கேப்டன் குக் வர்றதுக்கு எத்தனையோ நூறு வருஷம் முன்னாடி நம்மாளு இங்க இறங்கியிருக்கான்."

நான் நூலகத்துக்குப் போய் நாணயப் பட்டியல்களைப் புரட்டினேன். அதே எழுத்தும் அதே அளவும் உள்ள படம் இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியின்போது மெட்ராசில் அடித்த காசு. இங்கிருந்து மெட்ராசுக்குக் குதிரை ஏற்றிப்போன கப்பல்கள் உண்டு. திரும்பி வந்த யாரோ ஒருவரின் பையிலிருந்து விழுந்திருக்கலாம். எனக்கு அது போதும். அதுவே நல்ல செய்தி. நண்பரிடமும் சொன்னேன்; அவர் சோழனை விடவில்லை.

கருவிக்காரர்களின் சங்கம் மாதமொருமுறை ஒரு மண்டபத்தில் கூடும். கண்டெடுத்தவற்றை மேசையில் பரப்புவார்கள். நண்பர், நானும் வருவேன் என்று அடம்பிடித்துக் கூடவே வந்தார். தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், என் காசைக் கையில் எடுத்துச் சிரித்தார்.

"அழகான காசு. உங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்ததா?"

"இல்லை. இங்கே கரையில் தோண்டி எடுத்தேன்."

"மண்ணில் கிடந்த செம்பு இப்படி மினுங்காதே, நண்பரே."

புளி போட்டு விளக்கியதைச் சொன்னேன். புளி என்றால் என்ன என்றும் விளக்கவேண்டி வந்தது.

"காசில் கறி வைத்தீர்களா?" என்றார் ஒருவர். "அடுத்த மாதம் சட்டியையும் தோண்டி எடுப்பார்!" என்றார் பின்வரிசைக்காரர். மண்டபம் சிரித்தது.

அதே மேசையில் இன்னொருவர் கொண்டுவந்த தங்கச் சவரன் நாணயம் ஒன்று பளபளத்துக்கொண்டிருந்தது. எங்கே எடுத்தார், எப்படி எடுத்தார் என்று அவரை ஒருவரும் கேட்கவில்லை. தோள்களில்தான் தட்டினார்கள். தோண்டிய இடத்தைக் காட்டுகிறேன், வாருங்கள் என்றேன். "குழி யாரும் தோண்டலாம்" என்றார் தலைவர், மிகவும் மரியாதையாக.

அப்போது நண்பர் எழுந்தார். எனக்காகப் பேசத்தான் எழுந்தார். எங்கள் சோழ மன்னர்களின் கப்பற்படை இந்த நாட்டுக்கு வந்ததற்கு இதுவே அத்தாட்சி என்று உரத்த குரலில் ஆங்கிலத்தில் அறிவித்தார். அதற்குப்பிறகு நான் என்ன சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது. தலைவர் காசை என் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

காரில் நண்பர் உற்சாகமாக இருந்தார். "பயந்துட்டானுங்க சார்."

வாயைத் திறந்தால் தமிழில் எழுதக்கூடாத சொற்கள் வந்திருக்கும்.

தைப்பொங்கலுக்கு வாடகைக்கு எடுத்த பள்ளி மண்டபத்தில் எங்கள் ஆட்கள் கூடினோம். உள்ளே நுழைந்ததுமே யாரோ என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு இன்னொருவர். சுவரில் அந்தக் காசின் படம், ஆய்வுகூடத்தில் பெரிதாக்கியது, ஒட்டப்பட்டிருந்தது. கீழே அட்டையில்: 'ஆஸ்திரேலிய மண்ணில் சோழர் காசு'. அதற்கும் கீழே, கண்டெடுத்தவர் என்று என் முழுப்பெயர்.

பேனையை எடுத்தேன். நண்பர் ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"என்ன சார் பண்றீங்க?"

"பிழை திருத்திறன். இது கும்பினிக் காசு."

"கும்பினின்னு எழுதினா யாரு சார் நின்னு பார்ப்பாங்க? உங்களுக்குத் தமிழ் உணர்ச்சியே இல்லையா?"

"எனக்குக் கண் இருக்கு. அது காணும், வேற ஒண்டும் தேவையில்லை."

பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் சமாதானத்துக்கு வந்தார். "விடும் தம்பி. பிள்ளையள் எவ்வளவு சந்தோசமாப் பாக்குதுகள். ஆருக்கு நட்டம்?"

"எனக்கு" என்றேன். அவர் சிரித்தார், பகிடி என்று நினைத்துக்கொண்டு.

பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். அட்டையின் அடிப்பகுதியை, என் பெயர் இருந்த அளவுக்கு மட்டும், மடித்துக் கிழித்து எடுத்தேன். சோழரை அவர்களிடமே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.