மூன்று பேர் உட்காரும் சோஃபா

மைசூரில் எனக்கு மரச்சாமான் கடையில் ஏற்றி இறக்கும் வேலை. அதற்கு முன் திருப்பூரில் பனியன், கேரளாவில் ரப்பர் தோட்டம், பெங்களூரில் சென்ட்ரிங். எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

ஒருநாள் ஓவிய வகுப்பு ஒன்றுக்கு மேஜைகள் இறக்கப் போனோம். படித்த பெரியவர்கள் குனிந்து உட்கார்ந்து தரைவிரிப்புத் துண்டு போன்ற ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். லினோலியமாம். அதில் படம் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தில் ஒற்றி எடுப்பார்களாம். வாய் பார்த்து நின்றேன். ஆசிரியை, மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர், ஊர் எது, எதுவரை படிப்பு என்றார். ஹனூர் பக்கம் ஒரு கிராமம், எட்டாவதோடு சரி என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. இலவசமாக ஒரு ஆளைச் சேர்த்துக்கொள்ள இடம் வைத்திருந்தாராம். அதற்குப் பொருத்தமான ஆள் அதுவரை கிடைக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமை வாங்க. ஃபீஸ் வேண்டாம். நல்லாப் பண்ணினா அடுத்த கோர்ஸும் ஃப்ரீ.”

போனேன். உளி நன்றாக ஓடும்போது பூசணிக்காய்த் தோல் சீவுவதுபோல் சுருள் சுருளாக வரும். ஒரு வேலை எனக்குப் பிடித்துப்போவது அபூர்வம். அடுத்த வகுப்பிலும் இருக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

மார்கழிக் குளிரில் லினோ விறைத்துக்கொள்ளும். இளக வைக்க எல்லோரும் அதன்மேல் உட்கார வேண்டும். டாக்டர் வீட்டம்மா, ஐடி கம்பெனி மேனேஜர், காலேஜ் பெண் எல்லோரும் அடைக்கோழி மாதிரி உட்கார்ந்து உலகக் கலையைப் பற்றிப் பேசுவார்கள். கலை எங்கிருந்து சூடு பெறுகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன்.

தலைப்பு ‘உழைப்பு’. காரில் வரும் மேனேஜர் மாட்டுவண்டி செதுக்கினார். டாக்டர் வீட்டம்மா செங்கல் சுமக்கும் பெண்ணை. நான் சோஃபா.

“உங்க வாழ்க்கையிலயே எவ்ளோ கஷ்டம் இருக்கு. அதைச் செதுக்கலாமே?” என்றார் ஆசிரியை.

“அதெல்லாம் பட்டாச்சுங்க மேடம். மறுபடி எதுக்குங்க செதுக்கிக்கிட்டு?”

தினமும் தூக்குகிறேன், மாடிப்படித் திருப்பத்தில் சோஃபாவின் எந்த மூலை எங்கே இடிக்கும் என்று தோளுக்கு மனப்பாடம். உட்கார்ந்ததில்லை. சோகமெல்லாம் இல்லை, மேலே சுற்றிய பிளாஸ்டிக் கிழிந்தால் முதலாளி கத்துவார், அவ்வளவுதான்.

லினோவில் வெட்டியது வெள்ளை, விட்டது கறுப்பு. நான் பயந்து பயந்து மெத்தைக் கோடுகளை மேலாகக் கீறியிருந்தேன். மை அதில் ரொம்பிவிட்டது. காகிதத்தை உரித்தால் நாலு குட்டைக் கால்மேல் ஒரு கறுப்பு மொத்தை.

“பாரம் தாங்காம மண்டி போட்ட எருமை,” என்றார் டாக்டர் வீட்டம்மா, நெஞ்சில் கை வைத்து.

ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. “உள்ளே இருந்த வலி வெளியே வந்துடுச்சு, ஹௌதா? அப்படித்தானே?”

“வலி இல்லைங்க மேடம், சோஃபா. மூணு பேர் உட்கார்றது.”

மேனேஜர்தான் காப்பாற்றினார். “கிடைக்காத சோஃபா. அதான் இவ்ளோ இருட்டா இருக்கு.”

“இதை நடுச்சுவர்ல மாட்டறேன்,” என்றார் ஆசிரியை. “அடுத்த கோர்ஸும் உங்களுக்குத்தான்னு வச்சுக்குங்க.”

வாயை மூடிக்கொண்டிருந்தால் இடம் கிடைத்திருக்கும். ஆனால் பகலெல்லாம் சோஃபா சுமப்பது போதாதென்று ஞாயிற்றுக்கிழமை இவர்களுடைய எருமையையும் நான் சுமக்க வேண்டுமா? லினோவில் வெட்டியதை ஒட்ட முடியாது, மேலும் வெட்டலாம். மறுபடி அதன்மேல் உட்கார்ந்து சூடேற்றினேன். கோடுகளை ஆழமாக்கினேன். அந்தக் கறுப்பில் ஒரு ஆளை வெள்ளையாகச் செதுக்கினேன்: கைப்பிடிமேல் கால் போட்டு, வாயைத் திறந்து, மல்லாந்து தூங்குகிறான். இந்த முறை சுத்தமாக விழுந்தது.

படங்களை மாட்டும் நாளில் ஆசிரியை அதை வெகுநேரம் பார்த்தார்.

“யாரு இது?”

“நாந்தானுங்க.”

“ரெஸ்ட் எடுக்கறீங்க. எதுக்கு அப்புறம்?”

“சாப்பாட்டுக்கு அப்புறமுங்க.”

நடுச்சுவரில் மாட்டுவண்டி ஏறியது. அடுத்த வகுப்பின் இலவச இடமும் மாட்டுவண்டிக்கே. மேனேஜர் கூச்சப்பட்டுக்கொண்டே வாங்கிக்கொண்டார். என் படத்தைக் கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். பார்க்க வந்த ஒரு பெரியவர் குழாயைத் திறந்துவிட்டு அதையே பார்த்தபடி நின்று, கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டார்.