கோட்டையைப் பார்க்க மட்டும்

என் வீட்டுக்காரர் எங்கள் மகளைத் தலைமுழுகியது பம்புசெட்டில். வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. அவள் சென்னையில் சாதி மாறிப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட செய்தி வந்த அன்று வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லைக்குப் போய், மோட்டாரைப் போட்டுவிட்டு, கட்டிய வேட்டியோடு தொட்டியில் இறங்கி முழுகிவிட்டு வந்தார். ஈரம் சொட்டச் சொட்ட வாசலில் நின்றவருக்கு நான் துண்டுகூட எடுத்துக் கொடுக்கவில்லை. "சளி புடிக்கும்" என்று மட்டும் சொன்னேன். அவ்வளவு கோபம் எனக்கு.

அதற்குப் பிறகு எட்டு வருடம் ஓடிவிட்டது. மகள் நர்ஸ் வேலை கிடைத்து ஸ்காட்லாந்துக்குப் போனாள். மாப்பிள்ளையும் கூடப் போனார். அவள் என்னோடு போனில் பேசுவாள். பேச ஆரம்பித்ததும் இவர் எழுந்து தெருப்பக்கம் போய்விடுவார். தடுக்கவும் மாட்டார், என்ன சொன்னாள் என்று கேட்கவும் மாட்டார். பெற்ற பிள்ளையின் பெயரை ஒரு தடவைகூட உச்சரிக்காமல் ஒரு மனுஷனால் மூன்று வேளையும் சாப்பிட்டுத் தூங்க முடிகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் ஒரு படம் அனுப்பினாள். நகரத்துக்கு நட்டநடுவில் செங்குத்தான பாறை, அதன் தலையில் கல்லால் கட்டிய கோட்டை. கண் சரியாகத் தெரியாமல் போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"இது இன்னா, நம்ம செஞ்சி ராஜகிரி மாதிரி இருக்குது?"

நான் திரும்பவில்லை. திரும்பினால் போய்விடுவார். "அவ இருக்கற ஊர்லதான் இருக்குது" என்றேன்.

"மேல சுனை இருக்குமா?"

"போய்ப் பாத்தாத்தான தெரியும்."

 அவர் அங்கிருந்து நகரவில்லை.

பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள் நான். சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்கு முன்னால் தட்டை நீட்டினால் காரியம் கெட்டுவிடும். பக்கத்தில் வைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்க வேண்டும். அப்படித்தான் அந்தக் கோட்டையை அவர் பக்கத்தில் வைத்தேன். மகள் அனுப்பும் படங்களைப் பெரிதாக்கி, போனை மேஜைமேல் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது போன் இடம் மாறியிருக்கும்.

ஒரு மாதம் போனபின் அவரே வாயைத் திறந்தார். "கோட்டை பாக்க வேணா வரேன். கோட்டை பொது எடம். யாரு வேணா வரலாம், யாரு வேணா நிக்கலாம். ஆனா அவ வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன். கை நனைக்க மாட்டேன்."

எங்கள் பக்கம் மனஸ்தாபம் ஆன வீட்டில் யாரும் கை நனைப்பதில்லை. ஒரு வாய் சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டால் பழசெல்லாம் தீர்ந்தது, உறவு ஒட்டிவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு வாய்ச் சோற்றுக்குத்தான் இந்த மனுஷன் இவ்வளவு பயந்தார். கடல் தாண்டிப் போகச் சம்மதம், கைப்பிடிச் சோறு சாப்பிடச் சம்மதமில்லை. தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனாலும் பிடித்துக்கொள்ள எனக்கு அந்தக் கோட்டையை விட்டால் வேறு எதுவும் இல்லை.

அப்புறம் தினமும் திட்டம்தான். வெயில் ஏறுவதற்கு முன்னால் ஏறிவிட வேண்டும் என்பார். அங்கே வெயிலே கிடையாது என்பேன். குரங்குத் தொல்லை உண்டா, வழியில் குடிக்கத் தண்ணீர் இருக்குமா, உட்கார்ந்து சாப்பிட நிழல் இருக்குமா என்று கேட்பார். செஞ்சிக்காரர்களுக்குக் கோட்டை என்றால் ஏறுகிற கோட்டை, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகிற கோட்டை. அந்தப் பேச்சில்தான் நான் மெல்லக் கேட்டேன்: சோற்றை அவள் ஆக்கி எடுத்துக்கொண்டு வந்தால்?

இரண்டு நாள் யோசித்தார். தீர்ப்புச் சொல்வதுபோல, "கோட்டையில சாப்டா அது கட்டுச்சோறு. கை நனைச்சதா ஆவாது" என்றார்.

நான் சமையலறைக்குப் போய் அழுதேன். சந்தோஷத்தில் அழுததாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அப்பனும் மகளும் ஒன்றாகச் சாப்பிட இப்படி ஒரு சந்து தேடவேண்டி வந்துவிட்டதே என்ற கேவலத்தில் அழுதேன்.

மகளிடம் எதையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். "சரிம்மா. புளிசோறு கட்டினு வரேன். வூட்டுக்கு வரலன்னா போவுது. நைனா எதிர்ல ஒக்காந்து நான் சாப்பிடணும், அவ்ளோதான். இவரும் அன்னிக்கு டூட்டி போட்டுக்கறேன்னு சொல்லிட்டாரு." மாமனார் கண்ணில் படாமல் இருக்க வேலைக்குப் போய்விடுகிறேன் என்கிறது அந்தப் பிள்ளை. அதைக் கேட்டபோது இவரைவிட என்மேல்தான் எனக்கு வெறுப்பு வந்தது.

எனக்கு நம்பிக்கை இருந்தது என்று சொன்னால் பொய். தினமும் காலையில், இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எழுந்தேன். ஆனால் பாஸ்போர்ட் எடுக்க வந்தார். போட்டோ எடுக்க வந்தார். கடைசியில் விசாவுக்காக விழுப்புரத்தில் ஒரு டிராவல்ஸ் ஆபீசுக்கும் வந்தார்.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர், "எதுக்கு சார் போறீங்க?" என்று கேட்டார்.

"கோட்டை பாக்க."

"செஞ்சிலருந்து கோட்டை பாக்கவா?" என்று சிரித்தார். காத்திருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சிரிப்புக்கு ஆளாவது பிடிக்காது. கழுத்து விறைத்துப்போனது.

அங்கே இருப்பவர்களின் விலாசம் வேண்டும் என்றார்கள். நான் மகளுக்குப் போன் போட்டேன். உடனே எடுத்து, "சொல்லும்மா" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த ஆள் இவரைக் கேட்டார், "அங்க உங்களுக்கு யாரு சார் இருக்காங்க? சொந்தம்?"

"யாரும் இல்ல."

மெதுவாகக்கூடச் சொல்லவில்லை. மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்க ஆள் கூப்பிடுகிற குரலில் சொன்னார்.

போன் என் காதில்தான் இருந்தது. "கேட்டுதும்மா" என்றாள் மகள். அப்புறம், "சரியாத்தான் சொன்னாரு. யாரும் இல்லாத ஊருக்கு எதுக்கு வரணும்? வேணாம்மா" என்றாள். போன் நின்றுவிட்டது. "அப்போ டூரிஸ்ட்னு போட்டுடவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் அந்த ஆள். நான் பாஸ்போர்ட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

 வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். "நீங்க சொன்னப்போ அவ லைன்ல இருந்தா."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கை சட்டைக்குள் இருக்க அப்படியே நின்றார். "கேட்டாளா?"

"கேட்டா."

"அவன் சிரிக்கிறான். எல்லாரும் பாக்கறாங்க. பொண்ணு இருக்குது, வூட்டுக்குப் போவ மாட்டேன்னு அங்க சொல்லச் சொல்றியா?"

"என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? அவகிட்ட சொல்லுங்க."

அதன் பிறகு நான் எத்தனை முறை போட்டும் அவள் எடுக்கவில்லை. அவள் வழக்கமாகப் பேசும் நேரத்துக்கு இவர் தெருப்பக்கம் போவதை நிறுத்தினார். போன் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். அது அடிக்காது. பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது. ஒரு நாள் அவரே போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, எடுத்துவிட்டாள். "ஹலோ" என்றது எனக்கே கேட்டது. இவர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பேசுங்க, பேசுங்க என்று நான் கையைக் காட்டினேன்.

"கோட்டை... கோட்டை எத்தினி மணிக்குத் தொறப்பாங்கம்மா?"

எட்டு வருடம் கழித்து அவர் அவளிடம் பேசியது அதுதான். மன்னிப்புமில்லை, நல்லா இருக்கியா என்ற கேள்வியுமில்லை. அந்த மனுஷனிடம் இருந்தது அந்த ஒரு கோட்டைதான், அதைத்தான் எடுத்து நீட்டினார். எனக்கு அது புரிந்தது. அவளுக்கும் புரிந்திருக்கும்.

 ஆஸ்பத்திரியில் யாரோ தெரியாதவர்களிடம் பேசுகிற மரியாதையோடு அவள் குரல் வந்தது. "ராங் நம்பர்ங்க."

வைத்துவிட்டாள். அவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "ராங் நம்பராம். பாத்துப் போடக் கூடாதா?" என்று என்மேல் எரிந்து விழுந்தார். 

நான் போனை வாங்கி அதே நம்பரை மறுபடியும் போட்டு அவர் கையில் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.