புஜத்தில் ஓர் அரைச் சூரியன்

1991 மே மாதத் தொடக்கத்தில் என் கணவர் வடக்குப்பட்டுக்குத் திரும்பினார். சரக்குக் கப்பலின் சமையற்கட்டில் அவருக்கு வேலை. பதினான்கு மாதம் கழித்து வந்தவரின் வலது புஜத்தில் அரைச் சூரியன் ஒன்றைப் பச்சை குத்தியிருந்தார்கள். நேர்கோட்டின்மேல் பாதி வட்டம். அதைச் சுற்றிக் கூர்கூராய் முக்கோணங்கள். கோட்டுக்குக் கீழே சுருள் சுருளாய்ச் சில கோடுகள். தஹிதி என்ற தீவில் குத்திக்கொண்டாராம்.

"இன்னாத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன்.

"சும்மாதான்" என்றார். கோபத்தில் நான் மேலே கேட்கவில்லை.

அந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி, ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்துக்கு வந்த பெருந்தலைவர் ஒருவர் கொல்லப்பட்டார். ஊர்களெல்லாம் கொதித்துக் கிடந்தன. இரண்டு மலைக்கு நடுவே எழும் உதயசூரியன் ஒரு கட்சியின் சின்னம்; கொன்றவர்களுக்கு அந்தக் கட்சி இடம் கொடுத்ததாகப் பேச்சு. அதைக் கண்டாலே சிலருக்குக் கோபம் வந்தது. முழுக்கைச் சட்டை போடச் சொன்னேன். இந்த வெயிலில் முடியாது என்றுவிட்டார்.

ஒருநாள் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, பின்சீட்டிலிருந்து நான்கு பேர் எழுந்து வந்தார்கள். ஒருவன் அவர் சட்டைக் கையை மேலே தள்ளினான்.

"கட்சிக்காரனா? கையிலயே குத்திக்கினு சுத்துறியா?"

நான் அவர் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை.

"நல்லா பாருப்பா. இதுல கீறது மலை இல்ல, கடலு. சூரியன் முழுகுது. செத்தவங்க சூரியன் எறங்குற பக்கமா கடல்மேல போறாங்கன்னு இத குத்துன தீவுக்காரங்க சொல்வாங்க. என்கூட ஒரே ரூம்ல இருந்தவன் ஜொரத்துல கப்பல்லயே பூட்டான். அவனுக்காகக் குத்திக்கினேன்."

"முள்ளு முள்ளா இன்னா இது?"

"வெயில் கதிரு. சுறாப் பல்லு மாதிரி போடுவாங்க, காவலுக்கு. போறவனுக்கு வழியில ஒண்ணும் ஆவக் கூடாதுன்னு."

"எந்த ஊரு அவரு?"

"தூத்துக்குடி. இருபத்தாறு வயசு."

மேலே தள்ளியவனே சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டான். "மூடிக்கினு வாண்ணா. எல்லாரும் நின்னு கேட்டுக்கினு இருக்க மாட்டாங்க."

பஸ்ஸை விட்டு இறங்கியதும், "என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா மறுபடி கப்பலுக்கு அனுப்புவியா நீ?"

அனுப்பியிருக்க மாட்டேன்தான். எங்கள் தெருவுக்குத் திரும்பினோம். பிறகு, "அவரு அம்மாவுக்கு லெட்டர் போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இன்னான்னு எழுதுறது?"

அன்று சாயங்காலம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அந்தப் பிள்ளை கடைசியாகக் கஞ்சி கேட்டதை, இவர் காய்ச்சிக் கொடுத்ததை, நாலு வாய் குடித்ததை. பச்சை குத்தியதைச் சொல்ல வேண்டாம் என்றார். அதையும் எழுதித்தான் உறையை ஒட்டினேன்.