மூன்றாவது உதை

பேரன் வாசலில் பைக்கை நிறுத்தினால் சூடான எஞ்சின் ஆயில் வாடை அடுப்படிவரை வரும். உடனே நான் ராஜபாளையத்தில் பஞ்சு மில்லுக்கு எதிரே, அப்பா பைக் ரிப்பேர் பார்த்த தகரக் கொட்டகைக்குள் போய் நிற்பேன். இப்போது அங்கே ஜவுளிக்கடை.

ஒரே சீமைக் கம்பெனியின் மூன்று வண்டிகள் அங்கே மாறி மாறி வந்து படுத்துக்கிடக்கும். மூத்ததற்குக் கியர் பெட்ரோல் டேங்க் ஓரத்தில், கையால் போடுவது. அடுத்ததில் அது காலுக்கு இறங்கிவிட்டது. கடைசியாக வந்ததில் பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங். ஓட்டுகிறவனுக்கு முதுகு உண்டென்று சீமைக்காரனுக்கு அத்தனை வருஷம் கழித்துத்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

பன்னிரண்டு வயதில், மூத்த வண்டியை உதைத்துக் கிளப்பியே தீருவேன் என்று தினமும் அப்பாவை நச்சரித்தேன்.

"ஏட்டி, சீவில்லிபுத்தூர் பயில்வானையே தூக்கி எறிஞ்ச வண்டி இது. ஒனக்கு மூணே ஒதை. கெளம்பலேன்னா பொறவு கொட்டகைப் பக்கமே வரப்படாது," என்றார்.

முதல் உதைக்கு வண்டி இருமியது. இரண்டாவதற்குத் திருப்பி உதைத்து என்னைப் பழைய டயர்மேல் உட்காரவைத்தது. எழுந்தேன். அப்பா தினமும் செய்வதுபோலவே, கைப்பிடியில் இருந்த சின்ன லீவரை அழுத்தி எஞ்சினை மூச்சுவிடச் செய்து, உதைகட்டையை மெல்ல இறக்கி, லீவரை விட்டு, பாவாடையைச் செருகிக்கொண்டு முழு உடம்போடு ஏறி மிதித்தேன். தகரமெல்லாம் நடுங்க வண்டி கிளம்பியது.

அப்பா அந்தச் சத்தத்துக்கு மேல் கத்தினார்: "நிறுத்தத் தெரியுமாட்டி?"

"நிறுத்தவா இம்புட்டு ஒதச்சேன்!"