வாய் நனைக்காமல் எழும்பக் கூடாது

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். கணவனும் மனைவியுமாக வீடு வீடாகப் போய் அட்டையைக் கையில் கொடுத்து, அந்த வீட்டில் ஏதாவது குடித்துவிட்டு எழும்ப வேண்டும். குடிக்காமல் எழும்பினால் அவர்களை மதிக்கவில்லை என்று பொருள். அப்படி எழும்பியவர் வீட்டுக் கலியாணத்துக்கு அவர்கள் வரமாட்டார்கள். இது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்திருந்தும்தான் கோபப்படுகிறேன்.

மகளின் கலியாணத்துக்குச் சொல்வதற்கு ஒழுங்காகப் பாதை போட்டேன். துறைமுகத்தில் கப்பல்களின் வரவை ஒழுங்குபடுத்துகிறவனுக்கு அது பெரிய வேலை அல்ல. காலையில் கடற்கரைப் பக்கத்து வீடுகள், பிறகு உவர்மலை, மத்தியானம் சீனன்குடா, பின்னேரம் தம்பலகாமம். சாப்பாட்டுக்கும் நேரம் ஒதுக்கியிருந்தேன். ஆனால் அதற்குள் வயிற்றில் இடம் இருக்கவில்லை.

ஒரு வீட்டில் ரின்பால் விட்ட தேத்தண்ணி, இன்னொரு வீட்டில் இஞ்சி போட்டது, சீனன்குடாவில் கோப்பி. எல்லாவற்றிலும் சாயம் கறுக்கக் காய்ச்சியது. சாயம் குறைந்தால் வந்தவருக்கு மரியாதை குறைந்துவிடுமாம். நான் அரைவாசியில் வைத்தால், “அண்ணைக்குத் துறைமுகக் கந்தோர்த் தேத்தண்ணிதான் பிடிக்கும்” என்று சிரித்து விட்டுவிடுவார்கள். என் மனைவிக்கு அந்தச் சலுகை இல்லை. பெண்ணின் தாய் கோப்பையில் மிச்சம் வைத்தால், அந்தக் கதை நாங்கள் அடுத்த வீட்டுக்குப் போக முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிடும்.

தம்பலகாமத்தில் என் பெரியம்மாவின் மகள், எனக்கு மூத்தவர், நாங்கள் செருப்பைக் கழற்றும்போதே கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டார். மனைவி வாங்கிய கோப்பை சோசரில் கடகடவென்று ஆடியது.

“மச்சாள், இனி ஏலாது. காலமை துவங்கிக் குடிச்சுக்கொண்டுதான் வாறம்.”

“ஓம், டவுண் வீடுகளில எல்லாம் குடிச்சிருப்பியள். எங்கட தேத்தண்ணிதான் தொண்டையால இறங்காது.”

“அப்பிடியில்ல மச்சாள். நெஞ்சு படபடக்குது.”

“பொம்பிளைப் பிள்ளையைக் கட்டிக் குடுக்கேக்க எல்லாருக்கும் படபடக்கும். குடியும். வெறுந் தேத்தண்ணிதானே.”

குடித்தாள்.

திரும்பி வரும்போது ஓட்டோவின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, “இஞ்சருங்கோ, நெஞ்சு விட்டு விட்டு அடிக்குது” என்றாள். முகம் வியர்த்து வெளிறியிருந்தது. ஓட்டோவை நேரே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னேன்.

“இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?” என்று டொக்டர் கேட்டார்.

“ஒண்டும் சாப்பிடேல்ல.”

“குடிச்சது?”

“ஒண்டும் இல்ல, டொக்டர்.”

அவள் பொய் சொல்லவில்லை. தேத்தண்ணியை ஒரு பொருளாக எண்ணும் வழக்கம் எங்கள் ஆட்களுக்கு இல்லை. எந்த வீட்டில் என்ன குடித்தாள் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இவ்வளவும் வெறுவயித்திலயோ?”

தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கஃபீன் மிஞ்சினால் நெஞ்சுத் துடிப்புத் தாறுமாறாகும், கை நடுங்கும், நித்திரை கெடும், பிரஷர் ஏறும் என்றார். இவளுக்குப் பிரஷர் ஏற்கெனவே உண்டு. ஈசிஜி எடுத்து, வீட்டுக்கு விடாமல் வார்ட்டில் மறித்துவிட்டார்கள். “துடிப்புச் சரியாகி வருது. ஆனா திரும்பவும் இப்பிடிக் குடிச்சால், மகளின்ர கலியாணத்தை இந்தக் கட்டில்ல கிடந்துதான் கேள்விப்படுவியள்” என்றார்.

அடுத்த நாள் பின்னேரம் தம்பலகாமத்து அக்கா வார்ட்டுக்கு வந்தார். கையில் பிளாஸ்க்.

“ஆஸ்பத்திரித் தேத்தண்ணி வாயில வைக்கேலாது. அதுதான் நல்ல சாயமாப் போட்டுக் கொண்டு வந்தனான்.”

அவர் திறந்த மூடியை நான் திரும்ப இறுக்கிப் பூட்டி அவருடைய பைக்குள் வைத்தேன். அவர் அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. கதைக்காமலே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மிச்சம் இருந்தது கிளிவெட்டி. மனைவியின் சித்தப்பா வீடு. அவள் வீடு வந்து தேறியதும் போனோம். வாசலிலேயே, தேத்தண்ணி இவளுக்கு விலக்கு என்று டொக்டர் சொல்லிவிட்டார், சுடுதண்ணி போதும் என்று சொன்னேன். சொல்லியும் தேத்தண்ணிதான் வந்தது.

“சுடுதண்ணி குடுத்து அனுப்பினால் ஊர் என்னை என்ன கதைக்கும், மருமகன்? குடிக்காட்டி அட்டையையும் கொண்டு போங்கோ. நான் வரேல்ல.”

மனைவியின் கை கோப்பைப் பக்கம் போனது. தந்தைக்குத் தந்தையாக நின்று அவளை வளர்த்தவர் அவர். நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

“மாமா, நீங்கள் வராட்டி ஒரு கதிரை வெறுமையாக் கிடக்கும். இவ இல்லாட்டிக் கலியாணமே இல்ல.”

அட்டையை மேசையில் வைத்தேன். எழும்பினோம். வழி முழுக்க அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஒரு கோப்பைச் சாயத்தண்ணிக்காக வளர்த்த பிள்ளையின் உயிரை விலை பேசுகிறார்களே என்ற ஆத்திரம்தான் வந்தது.

அவர் கலியாணத்துக்கு வந்தார். முன்வரிசையில்தான் இருந்தார். என் மனைவி மகளுக்குப் பக்கத்தில், கை நடுங்காமல், தாலித் தட்டைப் பிடித்தபடி நின்றாள். தேத்தண்ணித் தட்டு வந்தபோது சித்தப்பா எனக்குக் கேட்கும்படி சொன்னார்:

“எனக்கு வேண்டாம், தம்பி. இந்த வீட்டில அது விலக்கு.”

நான் அவரை வற்புறுத்தவில்லை.