வாசலில் போட்ட மடக்குக் கதிரைகள்

போன வருடத்தின் கடைசி நாள். கனடாவில், மல்வேர்னில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடித்துவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தோம். அமெரிக்கச் சானல் ஒன்றில் அந்த வருடத்தைத் திரும்பிப் பார்க்கும் நிகழ்ச்சி. கலிபோர்னியாத் தீ, கனடாவையே கொதிக்க வைத்த இறக்குமதி வரி, ஒரு பாடகியின் நிச்சயதார்த்தம் எல்லாம் ஓடின. நடுவில், குடிவரவு அதிகாரிகள் ஆட்களைப் பிடித்து ஏற்றும் காட்சி கொஞ்ச நேரம் வந்து போனது. அடுத்தது, எந்தப் படம் நன்றாக ஓடியது என்ற கதை.

"பாரும், ஒரு வருசத்தை ஒரு மணித்தியாலத்திலை முடிச்சிட்டாங்கள்" என்று கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கொஞ்ச நேரக் காட்சிதான் எங்களுக்கு முழு வருடமும்.

என் தம்பி நியூஜெர்சியில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்கிறான். அவனுடைய அகதி வழக்கு முடியாமல் இழுபடுகிறது. வருடத்துக்கொரு தடவை குடிவரவு அலுவலகத்துக்குப் போய் முகம் காட்டவேண்டும். முன்பெல்லாம் பல் டொக்டரிடம் போவதுபோல அலுத்துக்கொண்டு போய்வருவான். அந்தக் கோடையிலோ, அப்படி முகம் காட்டப் போனவர்களையே பிடிக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். போகாமல் விட்டால் அதுவே குற்றமாகிவிடும். போனால் நேரே கொழும்புக்கு விமானம் ஏற்றிவிடுவார்களோ என்று பயம்.

என்ன செய்வதென்று என்னிடம் கேட்டான். நான் யோசிக்கவே இல்லை. "தனியப் போ. ஒருத்தருக்கும் சொல்லாதை, ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போகாதை" என்றேன். ஊரில் நாங்கள் படித்த பாடம் அதுதான். என் பெரியம்மாவின் மகன், விசாரணைக்குக் கூப்பிட்ட சிநேகிதனுக்குத் துணையாக இராணுவ முகாம் வாசல்வரை போனவர். இருவருமே திரும்பி வரவில்லை. சூடு கண்ட பூனை வேறு எதைச் சொல்லும்?

அவன் போன அன்று மில்லிக்கனில் நான் வேலை செய்யும் கிளினிக்கில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடிக்கடி பாத்ரூமுக்குள் போய் போனைப் பார்த்தேன். தம்பி உள்ளே போகும்போது போனை நிறுத்தியிருந்தான். அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுகூட மனதுக்குள் வசனம் தேடத் தொடங்கிவிட்டேன்.

பின்னேரம்தான் கோல் வந்தது.

"அக்கா, விட்டிட்டாங்கள். வெளியிலை நிக்கிறன்."

நான் அழுதுவிட்டேன். அவன் குரலும் சரியாக இல்லை. பயத்தில்தான் என்று நினைத்தேன்.

"நீங்கள் சொன்னமாதிரி ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா. பக்கத்து வீட்டு மனிசியிட்டை வீட்டுத் திறப்பை மட்டும் குடுத்தனான், ஏதும் நடந்தால் எண்டு. அவ என்ரை முகத்தைப் பார்த்தே விசயத்தைக் கண்டுபிடிச்சிட்டா."

அந்த வெள்ளைக்காரப் பெண்மணியோடு அவன் அதுவரை பேசியதெல்லாம் வெயிலும் பனியும்தான். காரணத்தைக் கேட்டு அறிந்தவர், தன் தேவாலயத்து ஆட்கள் சிலரையும் கூட்டிக்கொண்டு, அவன் போகுமுன்பே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அவர்களை உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற காவலாளியிடம் தம்பியின் பெயரைச் சொல்லி, "இவர் வெளியே வரும்வரை இங்கேதான் இருப்போம்" என்றாராம். எரிக்கிற வெயிலில், நடைபாதையில் மடக்குக் கதிரைகளைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் ஏதோ பின்னிக்கொண்டுகூட இருந்தாராம்.

அவர்கள் வந்ததால்தான் அவனை விட்டார்களா, எனக்குத் தெரியாது. அன்று அங்கே பிடிபட்டவர்களும் உண்டு. அவர்களுக்காக வாசலில் யாராவது இருந்தார்களோ என்று இன்றும் நினைப்பேன்.

தம்பி சொன்ன ஒன்று மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. "உள்ளுக்கை இருக்கேக்கை யன்னலாலை அவையின்ரை கதிரையள் தெரிஞ்சுது அக்கா. என்னைக் கொண்டுபோனாலும், கொண்டுபோனது ஆருக்கோ தெரியும் எண்டு இருந்தது."

இந்தக் கோடையில் அவன் மறுபடி போகவேண்டும். நானும் போவதாகச் சொன்னேன். "எல்லையிலை உம்மையும் மறிச்சால்?" என்றார் கணவர். நான் என் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். அதைப் பார்த்ததும், "சரி, நானும் வாறன். கார் ஆர் ஓடுறது?" என்றார்.

என் பயம் இன்னும் போகவில்லை. ஆனால் ஆபத்தில் இருப்பவனைத் தனியே அனுப்புவதுதான் புத்தி என்று நான் இத்தனை காலமும் நம்பியிருந்ததை, முன்பின் அறியாத ஒரு பெண் வெயிலில் சும்மா உட்கார்ந்திருந்தே மாற்றிவிட்டார்.